சிமெண்டுக்கு அடியில் மாமரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த ‘விசில்’ என்ற பட்டப்பெயர் மெல்ல ஆசிரியர்கள் அறைக்கு வந்து, அங்கிருந்து தெருவுக்கும் வந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரர்கூட ‘விசில் டீச்சர் வீட்டுக்கு எதிர்ல’ என்றுதான் வழி சொல்வார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. உண்மையில் அவளுடைய குரலுக்கு விசிலே தேவையில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் எவனாவது சுவரேறிக் குதித்தால் இந்தக் கோடியிலிருந்து ஒரு ‘டேய்’ போதும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து பின்னறைக் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் அவருக்கு உலகம். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, அவர் திட்டுவதை வாங்கிக்கொள்வது, திருப்பித் திட்டுவது எல்லாம் இவள் பொறுப்பு. தம்பி வெளியூரில் பெரிய வேலையில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, எப்போதாவது இரண்டு தடவை, காரில் வருவான். வந்தால் வீடே அவனைச் சுற்றி ஓடும்.

வீட்டுக்குப் பின்னால் விசாலமான முற்றம். அதில் ஒரு பக்கம் மாமரம், மதிலோரம் ஒரு பலா. மாமரம் பெரியது. அதன் கிளைகள் அப்பாவின் அறைக் கூரைக்கு மேலே குடை மாதிரி விரிந்திருந்தன. நடுவில் வெறும் மண்தான். சருகு விழும், மழை பெய்தால் சேறாகும், ஒரு வாரத்தில் காயும். வெகுகாலமாக அதைப் பற்றி யாருக்கும் புகார் இருந்ததில்லை, தம்பி புதுக் கார் வாங்கும்வரை.

பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு அவள் வெளியூர் போயிருந்த ஒரு விடுமுறையில் தம்பி வந்தான். அவள் திரும்பி வந்தபோது முற்றத்தைக் காணவில்லை. மதிலிலிருந்து மதில்வரை சிமெண்ட் பூசி, அதன்மேல் சாம்பல் நிறக் கல் பதித்து, மழமழவென்று இருந்தது. கல் மரத்தின் அடியை ஒட்டி, கழுத்தில் இறுக்கிய துண்டு மாதிரி நின்றது. மாமரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நான்கு இரும்புத் தூண்கள் நட்டு, மேலே தகரம் போட்டு ஒரு ஷெட். தூண்களுக்குக் குழி தோண்டும்போது குறுக்கே வந்த வேர்களைக் கோடாலியால் வெட்டி, மதிலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். சில வேர்கள் அவள் கையைவிடப் பருமனாக இருந்தன.

“எப்படிக்கா இருக்கு? நீ வந்து பாத்து அசந்துடணும்னுதான் சொல்லாம செஞ்சேன்” என்றான் தம்பி.

“அசந்துட்டேன். யாரைக் கேட்டுடா செஞ்சே?”

“அப்பாகிட்ட சொன்னேனே.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “செஞ்சுட்டான், விடும்மா. நல்ல எண்ணத்துலதானே செஞ்சான்.”

வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து நிற்கப்போகிற காருக்கு நிழல் வேண்டும் என்று, வருஷம் முழுக்க நிழல் தருகிற மரத்தின் காலை வெட்டியிருக்கிறான். அதை அவள் அப்போதே சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். தம்பி கூட வந்திருந்த தன் மனைவியிடம் திரும்பி, “அக்கா அப்படித்தான், ரெண்டு நாள் கத்துவா, அப்புறம் சரியாயிடுவா” என்றான். அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு வெகுநாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மரம் உடனே சாகவில்லை. மரம் எதையும் உடனே செய்வதில்லை. அடுத்த வெயில் காலத்தில் உச்சிக் கிளைகளின் நுனிகள் கருகின. வெயில்தான் என்று நினைத்தாள். மழை வந்தும் அவை துளிர்க்கவில்லை. புது இலைகள் வந்தன, ஆனால் பாதி அளவில், வெளுத்துப்போய். காலை அணிவகுப்பில் எந்தப் பிள்ளை மயங்கி விழப்போகிறது என்று விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. உதடு வெளுக்கும், முழங்கால் லேசாக ஆடும். மரத்தையும் அவள் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தாள். அடிமரத்தில் ஓரிடத்தில் பிசின் கறுப்பாக வடிந்திருந்தது. பக்கத்தில் துளைகள், துளைகளுக்குக் கீழே கல்லின்மேல் மரத்தூள். பெருக்கினால் மறுநாள் மறுபடி இருந்தது. வேர் வெட்டுப்பட்ட பக்கத்தில், கல்லுக்கும் மரத்துக்கும் இடையிலிருந்த விரிசலில், தட்டு தட்டாகக் காளான் முளைத்தது. நகத்தால் சிறு கிளைகளின் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருக்க வேண்டும். பழுப்புதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பருமனான கிளையில் சுரண்டினாள். அங்கேயும் பழுப்பு.

தம்பிக்குப் போன் செய்தாள். “மாமரம் சாகுதுடா. அடியில அழுகியிருக்கு. அப்பா ரூம் மேல ஒரு கிளை சாஞ்சு நிக்குது. வெட்டிடணும்.”

“என்னக்கா சட்டுனு வெட்டணும்ங்கற? அது அம்மா வச்ச மரம்.”

“என்னது?”

“அம்மா ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான். தண்ணி ஊத்திப் பாரு. நீ சரியா கவனிக்கலைன்னு நினைக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள். “அம்மாவா அந்த மரத்தை வச்சாங்க?”

அப்பா வாயில் இருந்த காபியைத் துப்பாத குறையாகச் சிரித்தார். “நாம வீடு வாங்கறப்பவே அது தென்னை ஒசரம் நின்னுச்சு. உங்கம்மா அதைத் திட்டாத நாள் உண்டா? சருகு பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிஞ்சுபோச்சுன்னு விடிஞ்சா புலம்பல். ஒரு தடவை மரத்தைக் கொளுத்திடறேன்னு மண்ணெண்ணெயை எடுத்துக்கிட்டே போயிட்டா.”

“அப்ப இதை அவன்கிட்ட சொல்லுங்க.”

“அவன் ஏதோ ஆசையா நினைச்சுக்கிட்டிருக்கான். அதை எதுக்குக் கெடுப்பானேன்?”

“மரம் உங்க தலை மேல விழப்போகுதுப்பா.”

“விழுந்தா விழட்டும். எதுக்கும் தம்பிகிட்ட இன்னொரு தடவை கேட்டுக்கோ.”

சின்ன வயதிலிருந்தே இந்த வீட்டில் இதுதான் வழக்கம். பால்காரனை மாற்றுவதாக இருந்தாலும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே அப்படித்தான். அவள் இந்த வீட்டைத் தாங்குவாள், அவன் இந்த வீட்டுக்குத் தலையசைப்பான்.

அந்த வருஷம் மரம் பூத்தது. சாதாரணப் பூ இல்லை. இலையே தெரியாதபடி, உயிரோடு இருந்த கிளைகள் எல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளின. தம்பி வீடியோவில் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தான். “செத்துப்போற மரமாக்கா இப்படிப் பூக்கும்? நீ சும்மா பயப்படறே.” அப்பாவும் கூடச் சிரித்தார். போக வேண்டிய நேரத்தில்தான் சில மரங்கள் இருக்கிறதையெல்லாம் அள்ளிக் கொட்டிப் பூக்கும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அதைச் சொன்னபோது இரண்டு ஆண்களும் அதே சிரிப்பைச் சிரித்தார்கள். பூ உதிர்ந்தது. சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு வந்து, அதுவும் கறுத்து உதிர்ந்தது. கல் பதித்த தரையில் அவள் கூட்டிக் குவித்தபோது, கூட்டுகிற வேகத்தில் விளக்குமாற்றுக் குச்சிகள் ஒடிந்தன.

பள்ளிக்கூடத்தில் அவள் எரிந்து விழுவது அதிகமானது. வீட்டிலும் பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. தம்பி அனுப்பிய ‘மரம் எப்படி இருக்கு’ என்ற செய்திக்கு, ‘வந்து பார்’ என்று பதில் அனுப்பினாள். வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் அறைமேல் சாய்ந்திருந்த பெரிய கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில், பட்டை வாய் பிளந்திருந்தது. முந்தின நாள் அந்த வெடிப்பு இல்லை. அவள் உள்ளே வந்து சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளினாள்.

“எழுந்திரிங்க. முன் ஹாலுக்குப் போறோம்.”

“எதுக்கு? நான் வரல.”

“கிளை விழப்போகுது.”

“காத்தே அடிக்கல, கிளை எப்படி விழும்? உனக்கு மரத்து மேல கிறுக்குப் பிடிச்சிருச்சு.”

அவள் வாதாடவில்லை. பள்ளிக்கூடத்தில் அடம்பிடிக்கிறவனைத் தூக்குகிற மாதிரி அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் கத்தினார். பெற்ற அப்பனைச் சாக்கு மூட்டையா என்று கேட்டார். கையைக்கூட ஓங்கினார். ஹால் ஜன்னலருகே அவரை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, கட்டிலையும் இழுக்கப் போனாள். தனியாக நகரவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தது. காற்று இல்லை. இலைகூட அசையவில்லை. முறிகிற சத்தம் முதலில் வந்தது. பிறகு வீடே அதிர்கிற சத்தம். கார் ஷெட்டின் தகரம் மடங்கி, அறைக் கூரையின் ஓரம் இடிந்து, ஜன்னல் கம்பி வளைந்து, கிளை பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஓடும் செங்கல்லும் கொட்டிக் கிடந்தன. தலையணை எங்கே என்றே தெரியவில்லை.

அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். திரும்பி ஹாலுக்கு வந்தாள். அப்பா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் வாயைத் திறந்தார்.

“தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேளு, என்ன செய்யலாம்னு.”

அந்தத் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அன்று அவள் குரல் கேட்டது. “என்ன கேக்கறது? என்னப்பா கேக்கறது? உங்க தலை அந்தத் தலகாணியில இருந்திருந்தா, கொள்ளி வைக்கலாமா வேணாமான்னும் அவனைத்தான் கேக்கணுமா? தினமும் உங்களைத் தூக்கறது யாரு? இன்னிக்கு உங்களைத் தூக்கினது யாரு? இந்த வீட்டுல என் முதுகு மட்டும்தான் வேணும், என் வாய் வேண்டாம், இல்ல?”

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. மரம் வெட்டுகிறவரின் எண்ணைத் தேடி எடுத்து, அப்போதே பேசினாள். பள்ளிக்கூடத்துக்கும் லீவு சொன்னாள்.

மறுநாள் அவர் கயிறும் மெஷின் ரம்பமும் இரண்டு ஆட்களுமாக வந்தார். மரத்தைச் சுற்றி வந்து, கோடாலியின் பின்பக்கத்தால் இங்கும் அங்கும் தட்டினார். பானையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. “அடியோட வெட்டிச் சாய்க்க முடியாதுங்க டீச்சர், வீட்டு மேல வந்துரும். மேல இருந்து துண்டு துண்டா இறக்கணும். நான் கயித்துல இறக்கறப்ப கீழ ஒருத்தரும் வரக்கூடாது. அது உங்க பொறுப்பு.”

“வந்துதான் பாக்கட்டுமே” என்றவள் உள்ளே போய் விசிலை எடுத்து வந்தாள். பகல் முழுவதும், ஒவ்வொரு துண்டு இறங்கும்போதும் விசில் அடித்தாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். விசில் சத்தத்தில் தலை உள்ளே போய்விட்டது. பிறகு வரவில்லை. சாயங்காலம் அடிமரத்தை அறுத்தபோது உள்ளே ஒரு ஆள் உட்காரலாம் போல வெறுமை. ஓரத்தில் மட்டும் விரல் பருமனுக்கு நல்ல மரம் இருந்தது. மீதியெல்லாம் காபியில் ஊறின ரஸ்க் மாதிரி பொடிந்து கொட்டியது. இவ்வளவு நாள் இது நின்றதே பெரிது என்றார் மரம் வெட்டுகிறவர். அவளுக்கு அழுகை வந்தது. அழவும் கோபமாக இருந்தது.

ஆட்கள் போனபின் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, ஹாலில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தம்பியின் குரல் எகிறியது. பக்கத்து வீட்டு மாமா சொல்லியிருக்க வேண்டும்.

“என்னைக் கேக்காம எப்படிப்பா வெட்டலாம்? அக்காவுக்கு யார் அந்த அதிகாரம் குடுத்தது?”

“அவளைத் திட்டாதடா. நான்தான் வெட்டச் சொன்னேன்” என்றார் அப்பா.

அவள் ஈரக்கையோடு போய் போனை வாங்கினாள். “அப்பா பொய் சொல்றார். அவர் சொல்லல. நான் சொன்னேன், நான் வெட்டினேன். கூரை இடிஞ்சிருக்கு, உன் ஷெட் நசுங்கியிருக்கு, அப்பா உசுரோட இருக்கார். அப்புறம் இன்னொண்ணு, அந்த மரம் அம்மா வச்சதில்ல. அதைக் கொன்னது நீ. நல்லா தூங்கு.” வைத்துவிட்டாள்.

அப்பா பரிதாபமாகப் பார்த்தார். “உன்னைக் காப்பாத்தத்தானேம்மா அப்படிச் சொன்னேன்.”

“எனக்காகப் பேசணும்னா, அவ செஞ்சது சரின்னு சொல்லியிருக்கணும். நான் செஞ்சதை நீங்க செஞ்சதா ஆக்கிக்கறது எனக்காகப் பேசறதா? அதுவும் எனக்கு இல்லாம போகணுமா?”

“எனக்கு அப்படித் தோணலம்மா” என்றார் அப்பா. மன்னிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் சோற்றைப் பிசைந்து தட்டை அவர் மடியில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாகவே.

பலா மிச்சம் இருந்தது. அதன் உச்சியும் மெலிந்து, அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன. ஆனால் துளை இல்லை, காளான் இல்லை, பட்டைக்குள் ஈரமும் பச்சையும் இருந்தன. மூச்சுதான் முட்டியிருந்தது. அவள் கடப்பாரையைக் கடன் வாங்கி வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தினமும், சூடு தணியாத தரையில் நின்று தம்பியின் கற்களை உடைத்தாள். முதல் நாள் ஒவ்வொரு குத்துக்கும் அவனை ஒரு வார்த்தை திட்டினாள். இரண்டாம் நாள் அப்பாவையும் சேர்த்துக்கொண்டாள். அப்புறம் மூச்சு வாங்கியதால் திட்ட முடியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. அடிமரத்தை நெருங்க நெருங்கக் கடப்பாரையை வைத்துவிட்டு, வேரில் காயம் படாமல் சிமெண்ட் சில்லுகளைக் கையால் பெயர்த்தாள். அடியில் மண் கறுத்து, அடைத்து வைத்த துணி மாதிரி நாறியது. அதைக் குத்திக் கிளறி, மேலே சருகைப் பரப்பி, அடியைவிட்டுத் தள்ளி மெதுவாகத் தண்ணீர் விட்டாள்.

அரை முற்றம் உடைந்து கிடந்தபோது தம்பி வந்தான். காரைத் தெருவில் வைத்தபடியே உள்ளே வந்து, வெட்டிய அடிமரத்தின் பொந்தை எட்டிப் பார்த்தான். அப்பாவின் இடிந்த அறையையும் பார்த்தான். முகம் மாறியது. அவள் கடப்பாரையோடு நின்றாள். ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள். உள்ளே அவளுக்கு ஒரு சின்ன ஆசைகூட இருந்தது.

“இப்ப காரை எங்க நிறுத்தறது?” என்றான்.

“தெருவுல” என்றாள். “இனிமே எப்பவும் தெருவுல.”

இரண்டு பேரும் அப்புறம் பேசியதெல்லாம் தெருவுக்கே கேட்டது. சின்ன வயது சண்டைகள், அம்மாவின் கடைசி மாதங்கள், யார் இருந்தார்கள், யார் இல்லை எல்லாம் வந்தன. தம்பியும் கத்தினான். தூரத்தில் இருந்தால் பாசம் இல்லையா என்று கேட்டான். பாசம் இருந்தால் வந்து அப்பாவை ஒரு தடவை குளிப்பாட்டு என்றாள். மறுநாள் காலை அவன் குளிப்பாட்டினான். அப்பா வழுக்கி, அவன் சட்டையெல்லாம் நனைந்து, இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அவள் அடுக்களையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூரையைச் சரிசெய்ய ஆள் ஏற்பாடு செய்துவிட்டு அவன் கிளம்பினான். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே எடுக்கவில்லை. இப்போதும் போனில் பேசும்போது ஒரு விறைப்பு இருக்கிறது. ஆனால் எதையாவது செய்வதற்கு முன் கேட்கிறான்.

பலா பாதி பிழைத்தது. மதில் பக்கக் கிளைகள் காய்ந்துபோயின, வெட்டியெறிந்தாள். முற்றத்துப் பக்கம் பளபளவென்று புது இலை. காய்க்குமா என்று தெரியவில்லை.

அப்பாவின் அறையைக் கட்டி முடித்தும் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. மாமரம் இல்லாத கூரையில் மத்தியான வெயில் நேராக இறங்கி, அறை அடுப்பு மாதிரி கொதித்தது. “வெட்டினே இல்ல, இப்ப வெந்து சாகட்டுமா?” என்று அவர் தினமும் கத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் முன்பக்கம் இருந்த தன் அறையைக் காலி செய்து, அவருடைய கட்டிலை அங்கே போட்டாள். தன் பீரோவையும் பாயையும் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அங்க உனக்குச் சுடாதா?” என்றார் அப்பா.

“சுடும்” என்று சொல்லிவிட்டு, கூரைமேல் நிழலுக்குக் கட்டப் பச்சை வலை வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள்.